மூன்று முறை ஜன்னல்

படம் பிடிக்கவில்லை.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு நான் அழுததை வைத்து
நீங்கள் வேறு எதையாவது நினைத்துக்கொள்ளக் கூடாது.

பூந்தா அரேனாஸில் துறைமுகத்துக்கு மேலே
ஒரு சின்னத் தியேட்டர். புதன்கிழமை பாதி விலை.
நண்டுத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து
நகக்கண்ணில் உப்போடு போய் உட்கார்ந்தேன்.
மொத்தம் ஒன்பது பேர்.
முன்வரிசைக்காரர் தூங்குவதற்கென்றே வந்திருந்தார்.
கடைசியில் அவர்தான் புத்திசாலி.

கதாநாயகிக்கு ஏரிக்கரையில் மாளிகை.
கணவனுக்கு மெல்லிய மீசை,
ஆகவே கெட்டவன்.
கதவைப் பூட்டுகிறான், கடிதத்தைக் கிழிக்கிறான்,
பியானோ மூடியை அவள் விரல்மேல் சாத்தப் பார்க்கிறான்.
அவள் ஜன்னலைத் திறக்கிறாள்.
வயலின்.
அரை மணி கழித்து மறுபடி ஜன்னல்,
மறுபடி வயலின்.
திரைச்சீலை மட்டும் நன்றாக நடித்தது.

மூச்சு முட்டுவதற்கு
இவ்வளவு சத்தம் உண்டென்று எனக்குத் தெரியாது.
நிபால்டோ எதையும் பூட்டியதில்லை.
குரல் உயர்த்தியதில்லை.
காலை ஆறரைக்குக் காரைச் சூடாக்கி வைப்பான்.
ஷிப்ட் முடியும் முன்பே வாசலில் நிற்பான்.
இன்று சிநேகிதி வீட்டுக்கு என்றேன்,
எந்தச் சிநேகிதி என்றான், புன்னகையோடு.
என் மாத்திரை, என் வங்கி அட்டை,
போன வருஷம் நான் தொலைத்த ஒற்றைக் கையுறை
எல்லாம் அவன் பையில் பத்திரம்.

குளிர்காலத்தில்
வீட்டு ஜன்னல் இடுக்குகளை டேப் போட்டு ஒட்டினான்.
உனக்குத்தான் சளி பிடிக்குமே என்றான்.
அக்டோபர் வந்துவிட்டது.
டேப்பை உரிக்கலாமா என்று கேட்டேன்.
என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

நண்டின் காலை ஒடித்து ஓட்டை உருவினாலும்
சதை அதே வடிவத்தில்தான் தட்டில் கிடக்கும்.
நாளுக்கு நானூறு கால் ஒடிக்கிறேன்.

ஆளைக் கீழே தள்ளும் காற்றுள்ள ஊர் இது.
தெருமுனையில் பிடித்து நடக்கக் கயிறு கட்டுவார்கள்.
இங்கே இருந்துகொண்டு
காற்றுப் போதவில்லை என்று யாரிடம் சொல்வது?
அம்மாவிடம் சொன்னேன்.
இப்படி ஒருத்தன் வேண்டுமென்று
நான் எத்தனை மெழுகுவத்தி ஏற்றினேன் தெரியுமா என்றாள்.
அவளுக்குக் கிடைக்கவில்லை.

திரையில் படகு செப்பனிடுகிறவன் வந்தான்.
தாடி, ஆகவே நல்லவன்.
அவளைக் கைபிடித்துப் படகில் ஏற்றினான்.
துடுப்பு இரண்டும் அவனிடம்.
மூன்றாம் முறை ஜன்னல், இப்போது காலி.
வயலின்காரர்கள் எழுந்து நின்றே வாசித்திருக்க வேண்டும்.
நடு ஏரியில்
ஒரு சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டான்.
குளிர்கிறது என்று
அவள் சொல்லவே இல்லை.

அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.
பக்கத்தில் இருந்த பெண்ணும் அழுதாள்,
அவள் சந்தோஷத்தில்.

கைபேசி தொடையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.
எங்கே இருக்கிறாய்.
சாப்பிட்டாயா.
யஸ்னா, காற்று அதிகம், நானே வருகிறேன்.
பிறகு ஓர் இதயம்.

வெளியே எட்டு மணிக்கும் வெளிச்சம்.
தகரக் கூரைகள் தடதடத்தன.
எதிர்ச்சாரியில் அவன் கார், விளக்கெரிய,
கண்ணாடிகள் ஏற்றி, உள்ளே ஆவி படிந்து.
நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்,
காற்று வந்த பக்கமாக.
படத்தைப் போல் நினைத்துவிடாதீர்கள்.
ஒரு தெரு தூரம். ரொட்டிக்கடை வரை.
தொப்பி பறந்தது, துரத்தவில்லை.
வாய் நிறையக் காற்று அடைத்தது.
திரும்பி வந்து காரில் ஏறினேன்.

படம் எப்படி?
நீளம்.
எத்தனை மணி நேரம்?
ஏழு வருஷம் என்று நாக்கு வரை வந்தது.
இரண்டேகால் என்றேன்.

ஹீட்டரைக் கூட்டினான்.
நான் என் பக்கக் கண்ணாடியை
ஒரு விரற்கடை இறக்கினேன்.
அவன் பார்த்தான்.
ஏற்றவில்லை.
அந்த இடுக்கில் காற்று
வீடு வரைக்கும்
சுருதி சேராமல் விசிலடித்துக்கொண்டே வந்தது.